போட்டோ இல்லாத பதிவு

நேத்து ராத்திரியும் இன்னைக்குக் காலையிலும் லண்டன்ல பக்கத்து வீட்டுத் தாத்தா கூட அவங்க ஜெபாலயத்துக்குப் போயிருந்தேன். யூதர்களோட சிம்ஹாத் தோரா பண்டிகை. பண்டிகை நாள்ல போன் தொடக்கூடாதாம், அதனால படம் இல்ல. நம்புங்க.

தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சு, ஒரு வருஷத்துல முடிக்கிற நாள் இது. ராத்திரி பேழையிலிருந்து தோராச் சுருள்களையெல்லாம் எடுத்து, கையில ஏந்தி ஏழு சுற்று. சுற்று என்ன சுற்று, ஒரே ஆட்டம்! சுருள் லேசு இல்ல. கையால எழுதின 3,04,805 எழுத்து, எல்லாம் தோல்ல. கீழ விழுந்துட்டா நோன்பு இருக்கணும்னு வழக்கம். அதைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு நம்ம தாத்தா குதிக்கிறார், தினமும் மாடிப்படி ஏறும்போது முட்டி வலின்னு புலம்புற அதே ஆள். எனக்குத்தான் பக்குபக்குனு இருந்துச்சு.

காலையில எல்லாரையும் ஒவ்வொருத்தரா வாசிப்புக்குக் கூப்பிட்டாங்க. யாரும் சும்மா உக்காந்திருக்க முடியாது. கடைசியில வாண்டுகள் முறை. அதுங்க தலைக்கு மேல நாலு பெரியவங்க வெள்ளை ஜெப சால்வையைப் பந்தல் மாதிரி விரிச்சுப் பிடிச்சாங்க. உள்ள ஒரே சிரிப்பு. ஒரு பொடியன் சால்வைக் குஞ்சத்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தான்.

அப்புறம் ஐந்தாவது நூலான உபாகமத்தின் கடைசி அதிகாரம், மோசேயின் மரணம். முடிஞ்ச கையோட அடுத்த சுருளை விரிச்சு, முதல் நூலை மறுபடியும் "ஆதியிலே"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க.

திரும்பி வரும்போது தாத்தா முட்டியைத் தடவிக்கிட்டே, "நாளைக்கு லிப்ட் வேலை செய்யுமா?"ன்னார்.