ஓரிடத்தில் நில்லாத இருவரும் ஒரு ஜன்னலும்

என் மகளுக்கு மூன்று வயது. எங்கள் கறுப்பு நாய்க்கு இரண்டு. இருவரையும் ஒரே படத்தில் தெளிவாகப் பிடித்துவிட வேண்டும் என்று கேமராவும் கையுமாக வீடு முழுக்க அவர்கள் பின்னால் அலைந்த நாட்களில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மங்கலான முதுகுகளும் வால் நுனிகளும்தான். ஒரு நாள் அலுத்துப்போய்க் கூடத்து ஜன்னலருகே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் மகள் தன் மரக்கட்டைகளை அள்ளிவந்து என் பக்கத்தில் கொட்டினாள். அவளை விட்டுப் பிரியாத நாயும் வந்து படுத்துக்கொண்டது. அன்று எடுத்த படங்களில்தான் முதன்முறையாக இருவர் கண்களிலும் ஜன்னல் ஒரு சின்னஞ்சிறு வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. அதன் பிறகு துரத்துவதை விட்டுவிட்டேன். வெளிச்சம் நன்றாக விழும் இடத்தை முதலில் பார்த்துவைத்து, விளையாட்டுச் சாமான்களை அங்கே பரப்பிவிட்டுக் காத்திருப்பதே இப்போது என் வழக்கம்.

நல்ல இடம் என்பது வெயில் நேராக அடிக்கும் இடமன்று. நேர் வெயிலில் முகத்தின் ஒரு பாதி வெளுத்துப்போகும், மறு பாதி கறுத்துவிடும். மெல்லிய வெள்ளைத் திரைச்சீலையை இழுத்துவிட்டால் அதே வெயில் பரவி, ஜன்னல் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிவிடுகிறது. ஜன்னலிலிருந்து விலக விலக வெளிச்சம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பது, இருளுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரியும். எங்கள் கூடத்தில் ஜன்னலோரம், வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 800 போதுமானதாக இருக்க, நாலைந்து அடி உள்ளே தள்ளிப் போனதும் அதே ஷட்டர் வேகத்துக்கு, அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் அதே நேரத்துக்கு, 3200 தேவைப்பட்டது.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நான் உட்கார்ந்தால் முகங்கள் தட்டையாகத் தெரிகின்றன. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி உட்கார்ந்தால்தான் கன்னத்தின் உருண்டையும் மூக்கின் மேடும் எழுந்து நிற்கின்றன. நிழல் விழும் பக்கம் மிகவும் இருண்டுபோனால் ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி அடிக்கும்படி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை நாற்காலியின் மேல் போட்டுவைப்பேன். வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: ஆரஞ்சு நிற விளையாட்டு விரிப்பில் அவளை உட்காரவைத்து எடுத்த ஒரு முழுத் தொகுப்பிலும் அவளுடைய தாடையும் கழுத்தும் மஞ்சள் பூசியதைப் போல இருந்தன. அறை விளக்குகளையும் அணைத்துவிடுவேன். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய நிறம் மஞ்சளாகும்: பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 கெல்வின். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னத்தின் நிறத்தைச் சரிசெய்யும்போது மற்றது கெட்டுப்போகும்.

நாய் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் சோதித்தது அதுதான். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தான் காண்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொள்ளும். சட்டகம் முழுக்கக் கறுப்பு ரோமம் நிறைந்திருந்தால் இருட்டு என்று நினைத்துப் படத்தை வெளுக்கவைக்கும். எங்கள் நாய் தூசி படிந்த கம்பளம்போல் ஆகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, ஒரு ஸ்டாப் வரை (பாதியாக) குறைத்தால் கறுப்பு கறுப்பாகத் திரும்புகிறது. வெள்ளைப் பூனை என்றால் இதற்கு நேர்மாறாகக் கூட்ட வேண்டும். வெளிச்சம் உடலை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போகும்போது மட்டுமே கறுப்பு ரோமம் இழை இழையாகத் தெரியும். எதிரே நின்று விழுந்தால் அங்கே நாய் வடிவத்தில் ஓர் ஓட்டைதான் இருக்கும். ஃபிளாஷைப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால், கேமராவின் மேலிருக்கும் ஃபிளாஷ் பட்டதும் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ பளபளக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை, நாய்க்கும் பிடிப்பதில்லை.

ஷட்டர் வேகத்தை, உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு 1/250 நொடி, ஓட்டமும் துள்ளலுமாக இருக்கும்போது 1/500 என்று வைத்துக்கொள்கிறேன். அதற்காக ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். படத்தில் கொஞ்சம் புள்ளிகள் தெரிவதைப் பொறுத்துக்கொள்ளலாம், மங்கிய முகத்தைப் பிறகு மீட்க முடியாது. லென்ஸின் திறப்பு அகலமாக இருந்தால் தெளிவாக விழும் ஆழம் குறையும்: அகலத் திறப்பான எஃப் 1.8 வைத்து எடுத்த காலத்தில் மகளின் கண் தெளிவாகவும் அவள் தோளருகே இருந்த நாய் புகைமூட்டமாகவும் விழுந்தன. நாய் மட்டும் இருந்தாலோ மூக்கில் ஃபோகஸ் விழுந்து கண்கள் கரைந்துபோயின. இருவரும் சேர்ந்திருந்தால் இப்போது அதைவிடச் சிறிய திறப்பான எஃப் 4. கைபேசியில் எடுப்பவர்கள் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, தொடர் படங்களாக எடுத்துத் தேர்ந்துகொள்ளலாம். எதில் எடுத்தாலும் தரையில் வயிற்றைப் பதித்துப் படுத்து, அவர்கள் கண்மட்டத்துக்கு இறங்கியாக வேண்டும்.

மாலையில் ஜன்னல் மங்கத் தொடங்கியதும் ஐஎஸ்ஓ 6400க்குப் போனாலும் 1/60 தான் கிடைக்கிறது. விளையாட்டுக்கு அது உதவாது. ஆனால் அந்நேரத்தில் பெரும்பாலும் இருவரும் கட்டைகளுக்கு நடுவிலேயே தூங்கிப்போயிருப்பார்கள். முழங்கைகளைத் தரையில் ஊன்றிக்கொண்டால் 1/30 கூடப் போதும். கனவில் நாய் காதை அசைத்தால் அந்தக் காது மட்டும் மங்கும்.