சந்தேகம் கேட்க ஓர் இடம்

காரைக்குடியில் கல்லூரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கதையைக் கேட்டுவிடுவார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்த கதை. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் ஆய்வகம் திறக்கப்பட்டது. ஊரில் அதற்குப் பெயர் சிக்ரி. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. இத்தனை விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் பக்கத்தில் இருக்கிறார்கள். சரி, கல்லல் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் டீச்சருக்குப் பாடத்தில் ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்?

நான் பார்த்தவரை, யாரையும் கேட்பதில்லை. சின்னப் பள்ளிகளில் கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் என்றுதான் இருப்பார்கள். தலைமையாசிரியர் வரலாறோ தமிழோ படித்தவராக இருப்பார். நோட்ஸில் உள்ளதை நடத்திவிட்டு, சந்தேகத்தை மனசிலேயே வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

ஒரு கல்லூரியில் விரிவாக்கப் பணிக்கு, அதாவது கல்லூரிக்கு வெளியே உள்ளவர்களுக்கான வேலைக்கு, பொறுப்பாக இருக்கிறேன். பள்ளி மாணவர்களுக்கு நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. பிப்ரவரி 28 அறிவியல் நாள், செப்டம்பர் 26 சிக்ரியை நடத்தும் மத்திய ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் நிறுவன நாள், பதினொன்றாம் வகுப்புக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் அறிவியல் முகாம், 2022-லிருந்து ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியலையும் கணக்கையும் செய்துகாட்டும் தமிழக அரசின் வானவில் மன்றம். எல்லாம் நல்லதுதான். ஆனால் கல்லூரிகள் நடத்தும் ஒருநாள் விழாக்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. பஸ் வரும், பிள்ளைகள் வரிசையாக ஆய்வகத்தைச் சுற்றுவார்கள், சாம்பார் சாதம், சான்றிதழ், அப்புறம் கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் நாக் (NAAC) அமைப்புக்கான கோப்பில் வைக்க, எடுத்த இடம் பதிவாகும் ஜியோடேக் போட்டோ. போட்டோவில் பேனர் தெரிகிறதா என்பதுதான் அன்றைக்குப் பெரிய கவலையாக இருக்கும்.

ஆசிரியர்களுக்கான பயிற்சியும் ஏறக்குறைய இப்படித்தான் போகும். "ஏதாவது டவுட் இருக்கா?" என்று பேராசிரியர் மேடையிலிருந்து கேட்பார். நாற்பது பேர் முன்னால் யார் எழுந்து நிற்பார்கள்? எல்லாம் டீ குடிக்கும்போதுதான் வெளியே வரும். ஒருமுறை தேவகோட்டைப் பக்கத்து டீச்சர் ஒருவர் எங்கள் வேதியியல் பேராசிரியரைத் தனியாக ஓரங்கட்டி, "சார், எலுமிச்சம்பழத்துல துத்தநாக ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி ரெண்டு பழத்தை இணைச்சேன். மீட்டர்ல ரெண்டு வோல்ட் கிட்ட காட்டுது. சிவப்பு எல்இடிக்கு அது போதும்தானே? ஏன் எரியல?" என்றார். மின்னழுத்தம் இருந்தாலும் பழத்தின் உள்மின்தடை அதிகம், எல்இடியை இணைத்ததும் அது சரிந்துவிடும் என்று அவர் விளக்கினார். டீச்சர் விடவில்லை. "அப்ப புத்தகத்துல இதே துத்தநாகமும் செம்பும் வெச்ச டேனியல் மின்கலத்துக்கு 1.1 வோல்ட்னு இருக்கே, ஒரு பழத்துல ஏன் அது வரல?" பேராசிரியர் டீயைக் கீழே வைத்துவிட்டார். எலுமிச்சையில் தாமிர அயனியே கிடையாது, செம்பின் மேல் ஹைட்ரஜன் அயனிதான் எலக்ட்ரானை வாங்குகிறது, அதனால் இது டேனியல் மின்கலமே இல்லை என்று அங்கேயே ஒரு துண்டுத் தாளில் சமன்பாட்டை எழுதினார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். காலையில் காட்டிய ஸ்லைடுகளை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

கணக்கு ஆசிரியர்களோடு இன்னும் சுவாரசியம். ஆத்தங்குடி டைல் பட்டறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது இப்போது பல பள்ளிகளில் வழக்கம். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணத்தை ஊற்றுவதையும், சூளையே இல்லாமல் தண்ணீரில் ஊறவைப்பதையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்கள் கணிதத் துறை நண்பர் ஒருவர் அங்கிருந்தே ஒரு கேள்வியை எடுத்தார். ஒரு மூலையில் மட்டும் பூ உள்ள ஒரே மாதிரி டைல் நான்கு. இரண்டுக்கு இரண்டாகப் பதித்தால் எத்தனை விதம்? ஒவ்வொன்றையும் நான்கு திசையில் வைக்கலாம், ஆக 256. சரி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே தரைதானே, அப்படிப் பார்த்தால்?

கூட்டத்தில் பலர் உடனே 64 என்றார்கள், நான்கால் வகுத்து. பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணக்கு வாத்தியார் மட்டும், "அதெப்படி, நாலு பூவும் நடுவுல சேர்ந்தா எங்கிருந்து பார்த்தாலும் ஒண்ணுதானே இருக்கும்? அதை நாலா எண்ணவே இல்லையே, அப்புறம் எப்படி நாலால வகுக்கிறது?" என்று கேட்டார். அங்கிருந்துதான் கணக்கு சூடுபிடித்தது. நான்கு பக்கமும் ஒன்றுபோல் இருப்பவை 4. பாதிச் சுற்று சுற்றினால் மட்டும் மாறாதவை 12, அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து 6 ஆகும். மிச்சம் 240, நான்கால் வகுத்தால் 60. மொத்தம் 70. முதுகலை வகுப்பில் பர்ன்சைடு தேற்றம் என்று நடத்துவதை அந்த மனிதர் அட்டைத் துண்டுகளை நகர்த்தியே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் நண்பர் தேற்றத்தின் பெயரைக் கடைசியில்தான் சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இப்படிச் சந்தேகத்தோடு வருகிற ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறார்கள். எட்டுப் பேர் வந்தால் அதிகம். சனிக்கிழமைக்கு ஓ.டி. (பணி நிமித்தம் வெளியே போக அனுமதி) கிடைக்காது, பஸ் காசும் கைக்காசுதான். நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் விழாவில் பயனாளிகள் முந்நூறு பேர் என்று அறிக்கையில் எழுதலாம், இதில் எட்டு என்றுதானே எழுத முடியும். அந்த எட்டுப் பேரும் ஆளுக்கு நூறு பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

போகட்டும். அடுத்த பெரிய பயிற்சிக்கு நேர அட்டவணை போட்டாகிவிட்டது. காலை டீ இடைவேளை 15 நிமிடமாக இருந்ததை ஒரு மணி நேரமாக்கி, அட்டவணையில் மட்டும் "துறைசார் கலந்துரையாடல்" என்று போட்டிருக்கிறேன். முதல்வர் கையெழுத்தும் போட்டுவிட்டார்.