பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்: அட்டையை விட்டுவிட்டு சைட்டைப் பாருங்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தனிநபர் வெண்கலத்தையும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணி வெண்கலத்தையும் வென்ற பிறகு, டெல்லியின் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "பிள்ளையைச் சேர்க்கலாம் என்று இருக்கிறோம், எந்த பிஸ்டல் வாங்கலாம்?" இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். டெல்லியில் தொடக்கநிலைப் பயிற்சி தரும் ரேஞ்சுகள் பலவற்றில் பழகுவதற்கு அவர்களே பிஸ்டல் தருகிறார்கள். முதலில் கற்க வேண்டியது எங்கே பார்ப்பது, எப்படி டிரிகரை (விசையை) அழுத்துவது என்ற இரண்டு விஷயங்களைத்தான். அவற்றுக்கு விலையுயர்ந்த பிஸ்டல் தேவையில்லை.

இந்தப் பிரிவின் விதிகளைப் பார்த்தாலே ஆட்டத்தின் தன்மை புரிந்துவிடும். பிஸ்டலை ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது. எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, டிரிகர் விடுபடாமல் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். லென்ஸ் வைத்த சைட்டுகளுக்கு (குறிபார்க்கும் பாகங்களுக்கு) அனுமதி இல்லை. 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட்டை (சிறு குண்டை), 10 மீட்டர் தொலைவில் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் உள்ள இலக்கு அட்டையில் செலுத்த வேண்டும். அதன் நடுவில் இருக்கும், பத்துப் புள்ளி தரும் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே அட்டையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். அடிக்க வேண்டியதைப் பார்ப்பதுதானே இயல்பு என்று தோன்றும். ஆனால் பிஸ்டலில் குழல் முனையில் நிற்கும் ஃப்ரன்ட் சைட்டுக்கும், பின்னால் நடுவில் பள்ளம் வெட்டிய ரியர் சைட்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர் தொலைவு இருக்கிறது. இலக்கு அதைப் போல முப்பது மடங்கு தள்ளி நிற்கிறது. ஆகவே ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஃப்ரன்ட் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினாலும், பெல்லட் அட்டையில் 30 மில்லிமீட்டர் விலகி, ஏழாம் வளையத்தில் போய் விழும். இரண்டு சைட்டுகளும் சரியாக நேர்கோட்டில் இருந்து, கை மட்டும் முழுதாக ஐந்து மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால், பெல்லட்டும் அதே ஐந்து மில்லிமீட்டர்தான் நகரும். அது பத்தாகவே இருக்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் வரைந்து காட்டாமல் நான் யாரையும் பிஸ்டலைத் தொட விடுவதில்லை. கண் ஃப்ரன்ட் சைட்டின் மேல்விளிம்பில் கூர்மையாக நிற்க வேண்டும். அதன் இரு பக்கமும் வெள்ளை இடைவெளி சமமாகத் தெரிய வேண்டும். ஃப்ரன்ட் சைட், அதன் இரு பக்கமும் உள்ள ரியர் சைட் என மேல்விளிம்புகள் மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும், அப்படித்தான் தெரியவும் வேண்டும்.

அதனால்தான் நல்ல வீரர்கள் கறுப்பின் மையத்தைக் குறிவைக்காமல், அதற்குச் சற்றுக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் சைட்டை நிறுத்தி, பெல்லட் மையத்தில் விழும்படி ரியர் சைட்டைத் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள். கறுப்பின் மேல் கறுப்பு சைட் தெரியாது. வெள்ளையின் மேல் அது தெளிவாகத் தெரியும். கை ஆடத்தான் செய்யும். ஒலிம்பிக் வீரருக்கும் ஆடும், அளவுதான் குறைவு. அந்த ஆட்டத்தை ஒரு சிறு பகுதிக்குள் வைத்திருந்தால் போதும் என்று ஏற்றுக்கொள்ளாதவர்கள், சைட் நடுவில் வரும் நொடியைப் பிடிக்க நினைத்து டிரிகரை வெடுக்கென்று இழுத்துவிடுகிறார்கள்.

டிரிகர்தான் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. சுட்டுவிரலின் முதல் கணுவின் நடுச்சதை மட்டும் அதன் மேல் படிய வேண்டும். விரலின் மற்றப் பகுதி கிரிப்பில் உரசக் கூடாது. அழுத்தினால் முதலில் கொஞ்சம் தளர்வாகப் பின்னால் வந்து, ஓரிடத்தில் சுவரில் முட்டியது போல நிற்கும். கையை இலக்குப் பகுதிக்கு இறக்கும்போதே அந்த இடம்வரை வந்துவிட வேண்டும். பிறகு அழுத்தத்தை நிறுத்தாமல், நேராகப் பின்னோக்கி, சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சுட்ட பிறகும் இரண்டு விநாடி கையை இறக்காமல் சைட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெல்லட் கிளம்பிய நொடியில் சைட் எங்கே நின்றது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே விடை தெரிந்துவிடும். தூக்கிய கை எட்டுப் பத்து விநாடிக்குள் சுடவில்லை என்றால் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்குவதே நல்லது. அதற்கு மேல் கண்ணும் மூச்சும் ஒத்துழைக்காது. டெல்லியின் டிசம்பர் காலையில் விரல் மரத்துப் போயிருந்தால் 500 கிராமை உணரவே முடியாது, கையுறை போட்டுச் சூடேற்றிய பிறகே தொடங்குங்கள்.

நிற்கும் விதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், எனக்கு அது அவ்வளவு தேவை என்று தோன்றவில்லை. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, இலக்குக்குப் பக்கவாட்டில் நின்று, சும்மா இருக்கும் கையைப் பையிலோ பெல்ட்டிலோ செருகிக்கொண்டு, கண்ணை மூடிப் பிஸ்டலைத் தூக்குங்கள். திறந்து பார்க்கும்போது கை இலக்கை விட்டுத் தள்ளி நின்றால், கையைத் திருப்பாமல் பின்காலை நகர்த்துங்கள்.

முதல் சில வாரங்கள் பெல்லட்டே வேண்டாம். வெறும் வெள்ளைச் சுவரின் முன் நின்று டிரிகரை அழுத்தும் 'டிரை' பயிற்சியில், சைட் துள்ளுகிறதா என்பது அப்பட்டமாகத் தெரியும். போட்டிக்கான பிஸ்டல்களில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. ஸ்பிரிங் வைத்த மலிவான பிஸ்டலை வெறுமனே அழுத்தினால் பழுதாகலாம்.

பிறகு அட்டை வரும். வலது கைக்காரரின் அட்டையில் ஓட்டைகள் இடது கீழ் மூலையில் குவிந்திருந்தால், சுடும் நொடியில் அவர் உள்ளங்கை முழுவதையும் இறுக்குகிறார் என்பதே பெரும்பாலும் காரணம். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் மணிக்கட்டைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுடலுக்கும் ரியர் சைட்டைத் திருப்பாதீர்கள். ஓட்டைகள் ஒரே இடத்தில் குவிந்து குரூப் சேர்ந்த பின்னரே அதைத் தொட வேண்டும்.

பாதுகாப்பில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. குழல் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்கும். சுடத் தயாராகும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. கீழே வைக்கும்போது குழலுக்குள் பாதுகாப்புக் கயிறு செருகப்பட்டிருக்கும். கட்டளை வரும்வரை பெல்லட் உள்ளே போகாது. பெல்லட் ஈயம் என்பதால், ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைகளைச் சாப்பிட உட்கார வைக்காதீர்கள். அடுத்த கட்டமாக, வெடிமருந்துத் தோட்டாவில் சுடும் .22 பிஸ்டலுக்குப் போக ஆசைப்பட்டால், அது 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் துப்பாக்கி. உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. அந்தப் பேச்சை, ஏர் பிஸ்டலில் குரூப் ஒன்பதாம் வளையத்துக்குள் நிற்கத் தொடங்கிய பிறகு பயிற்சியாளருடன் வைத்துக்கொள்ளலாம்.