சம்பளச் சீட்டில் வராத மருத்துவச் செலவு

அரசு ஊழியர்களுக்கு 13 விழுக்காட்டுக்கும் மேலான சம்பள உயர்வு வழங்கப்படும் என்று 2024ஆம் ஆண்டு தொழிலாளர் தினத்தன்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் முழு விவரம் வெளிவந்தது. செயலாக்கப் பிரிவினருக்கும் நிர்வாக, நிபுணத்துவப் பிரிவினருக்கும் இரண்டு கட்டங்களாக மொத்தம் 15 விழுக்காடு, உயர்மட்ட நிர்வாகத்தினருக்கு 7 விழுக்காடு என்று முடிவாகியிருந்தது. அன்று தொடங்கிய பேச்சு பினாங்கில் இன்னும் ஓயவில்லை. கோயில் அன்னதான வரிசையிலும் கல்யாண விருந்திலும் யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுகிறார்: “அவங்களுக்கென்ன, கவர்மெண்டு ஆளுங்க. சம்பளமும் ஏறுது, ஆஸ்பத்திரியும் சும்மா. நமக்குத்தான் மெடிக்கல் கார்டு இன்சூரன்ஸ் காசு ஏறிக்கிட்டே போகுது.”

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை செய்பவள் நான். என் அக்கா அரசாங்கப் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தானும் அரசு ஊழியராக இருந்தவர்தான். ஆகவே இந்தப் பேச்சின் இரண்டு பக்கமும் என் காதில் விழுகின்றன. மேலே சொன்ன புலம்பலில் கடைசி வாக்கியம் முற்றிலும் நியாயமானது என்றும், முதல் இரண்டும் பாதி மட்டுமே உண்மை என்றும் எனக்குத் தோன்றுகிறது. இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இருப்பது உண்மை. ஆனால் அது எல்லாரும் விரல் நீட்டும் இடத்தில் இல்லை.

முதலில் சம்பளம். 2024 டிசம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்த புதிய ஊதிய முறையில், நிலையான படிகளையும் சேர்த்து ஓர் அரசு ஊழியரின் குறைந்தபட்ச மாத வருமானம் 1,795 ரிங்கிட்டிலிருந்து 2,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. தனியார் துறையில் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. இந்த இரண்டு எண்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் அரசாங்கம் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் மிகைநேர வேலை உள்ள மாதங்களில் ஒரு இயந்திர இயக்குநர் வீட்டுக்கு எடுத்துப்போகும் தொகை, பல ஆண்டு சேவையுள்ள எழுத்தரின் சம்பளத்தைத் தாண்டிவிடும். அதற்கு மேல் 5,000 ரிங்கிட்டுக்குட்பட்ட சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குச் செலுத்துகிறார். பென்ஷன் திட்டத்தில் இருக்கும் அரசு ஊழியருக்கு அப்படி ஒரு கணக்கு வளர்வதில்லை. தன் சம்பளத்தைச் சொல்லும்போது அந்த 13 விழுக்காட்டைச் சேர்த்துச் சொல்லும் தனியார் ஊழியரை நான் இதுவரை கண்டதில்லை. அது கைக்கு வராத பணம் என்பதால் கணக்கிலும் வருவதில்லை போலும்.

மேலும், “கவர்மெண்டு ஆளுங்க” என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோமே, அந்தப் பதினாறு இலட்சம் பேரில் தாதியரும் ஆசிரியர்களும் காவலரும் துப்புரவு மேற்பார்வையாளரும் தலைமைச் செயலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே இந்த விவகாரம் வெடித்ததுண்டு. 2012இல் அறிமுகமான ஊதிய முறையில் மேல்தட்டு அதிகாரிகளுக்கு மிக அதிகமாகவும் கீழ்நிலை ஊழியர்களுக்கு மிகக் குறைவாகவும் உயர்வு கிடைத்தது என்ற எதிர்ப்பு எழுந்து, சில மாதங்களிலேயே அது கைவிடப்பட்டது. இந்த முறை மேல்தட்டுக்கு 7 விழுக்காடு என்று குறைத்து வைத்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இனி, அந்தச் “சும்மா” ஆஸ்பத்திரி. நம் நாட்டில் எந்தக் குடிமகனும் அரசாங்க மருந்தகத்தில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். நிபுணரிடம் அனுப்பப்பட்டால் 5 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். இலவசம் என்று சொல்லத்தக்க இந்த ஏற்பாடு ரப்பர் வெட்டுபவருக்கும் உண்டு, கடை முதலாளிக்கும் உண்டு. அரசு ஊழியருக்குக் கூடுதலாகக் கிடைப்பது வேறு. ஜி.எல். என்று எல்லாரும் சொல்லும் உறுதிக் கடிதத்தைக் காட்டினால் அந்தச் சிறு கட்டணமும் இல்லை. அவருடைய பதவி நிலைக்கேற்ப முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு வார்டு. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கும் அதே உரிமை. இருதயச் சிகிச்சைக்குக் கோலாலம்பூரில் உள்ள தேசிய இருதயக் கழகத்துக்கு அனுப்பப்பட்டால் செலவை அரசாங்கமே ஏற்கும். இவை சிறிய சலுகைகள் அல்ல. அங்கே ஒரு பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவை ஒரு சாதாரணக் குடும்பம் கைக்காசில் கட்ட நேர்ந்தால் வீட்டை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் இது காப்புறுதி அல்ல. தனியார் மருத்துவமனையின் வாசலில் ஜி.எல். செல்லாது. மூட்டு மாற்று அறுவைக்கும் கண்புரை அறுவைக்கும் எல்லாரும் நிற்கும் அதே வரிசையில்தான் அரசு ஊழியரும் நிற்க வேண்டும். படுக்கும் அறை மாறுமே தவிர, தேதி முன்னால் வந்துவிடாது. இதனால்தான் நான் அறிந்த ஆசிரியர்கள் பலர் தங்கள் சொந்தப் பணத்தில் மெடிக்கல் கார்டு வைத்திருக்கிறார்கள். அங்காசா எனும் தேசியக் கூட்டுறவு இயக்கத்தின் வழியாகச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளப்படும் கூட்டுறவுக் கடன்களுக்கு நடுவில் அந்தக் காப்புறுதித் தவணையும் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு மருத்துவச் செலவே இல்லை என்று நினைப்பவர்கள் அந்தச் சம்பளச் சீட்டை ஒருமுறை பார்த்தால் நல்லது.

அதற்கு எதிராக, பினாங்கின் பெரிய தொழிற்சாலைகளில் நிரந்தர வேலையில் இருப்பவரின் நிலையைப் பாருங்கள். காய்ச்சல் என்றால் நிறுவனம் நியமித்த பேனல் கிளினிக். பெரிய நோய் என்றால் நிறுவனத்தின் குழுக் காப்புறுதி. அட்டையைக் காட்டித் தனியார் மருத்துவமனையில் அன்றைக்கே படுக்கை. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானம் ஏறி நோயாளிகள் தேடி வரும் அதே மருத்துவமனைகளில் எங்கள் உற்பத்திப் பிரிவுப் பெண்களும் பிரசவம் பார்த்துக்கொள்கிறார்கள். வேலையில் இருக்கும் வரை, மருத்துவ வசதியைப் பொறுத்தவரையில், நல்ல தொழிற்சாலை ஊழியரின் கைதான் மேலோங்கி நிற்கிறது என்று துணிந்து சொல்வேன். சிறு கடைகளிலும் ஒப்பந்த வேலையிலும் இருப்பவர்களுக்கு இந்த இரண்டுமே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள்தான் சொந்தக் காசில் மெடிக்கல் கார்டு எடுத்திருப்பவர்கள். தவணை ஏறினால் உடனே வலிப்பதும் அவர்களுக்குத்தான்.

அந்த வலி 2024இன் கடைசியில் உச்சத்துக்குப் போனது. அவ்வாண்டு மலேசியாவில் மருத்துவச் செலவுகளின் ஏற்றம் 15 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டது. உலகச் சராசரியோ அதைவிடக் குறைவு, ஏறத்தாழ 10 விழுக்காடு. காப்புறுதி நிறுவனங்கள் தவணையை 40 முதல் 70 விழுக்காடு வரை உயர்த்தப்போகின்றன என்ற செய்தி வந்ததும் நாடாளுமன்றம் வரை கூச்சல் எழுந்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா டிசம்பர் 20ஆம் தேதி தலையிட்டு, உயர்வை ஒரேயடியாகச் சுமத்தாமல் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துச் சுமத்த வேண்டும் என்றும், பாலிசிதாரர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினருக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தது. குறைந்தபட்சத் திட்டத்தில் இருக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஓராண்டு உயர்வே கிடையாது என்றும் அறிவித்தது.

தேதிகளைக் கவனியுங்கள். அரசு ஊழியர்களின் புதிய சம்பளத்தில் முதற்கட்டமான 8 விழுக்காடு வந்ததும் அதே டிசம்பர் மாதம்தான். ஒரு வீட்டில் சம்பள உயர்வுக் கடிதமும் பக்கத்து வீட்டில் தவணை உயர்வுக் கடிதமும் ஒரே வாரத்தில் வந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தோன்றும்? தம் மெடிக்கல் கார்டுக்கு ஏறிய காசுதான் அங்கே சம்பளமாகப் போகிறது என்று தோன்றும். அந்த உணர்வுக்குக் கணக்கு ஆதாரம் எதுவும் இல்லை. தவணையை ஏற்றியது தனியார் மருத்துவமனைகளின் கட்டணம், விலையுயர்ந்த சிகிச்சை முறைகள், கூடிவரும் காப்புறுதிக் கோரிக்கைகள். எழுத்தருக்குக் கிடைத்த 8 விழுக்காட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 2,400 ரிங்கிட் அடிப்படைச் சம்பளத்தில் அது 192 ரிங்கிட். ஒரு நடுத்தர வயதுத் தம்பதியின் காப்புறுதித் தவணைக்கே அது போதாது.

உண்மையான வேறுபாடு 60 வயதில் தொடங்குகிறது. எங்கள் பிரிவுக்கு ஓய்வு பெறுபவர்கள் கடைசிக் கணக்கை முடிக்க வருவார்கள். சேமநிதி எவ்வளவு, விடுப்புக்குப் பணம் உண்டா என்று கேட்டுவிட்டு, பெரும்பாலானோர் எழுந்துவிடுவார்கள். குழுக் காப்புறுதி அவர்களின் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடுகிறது என்பதை நானாகச் சொன்னால்தான் உண்டு. சொன்னதும் சிலர், “அப்ப என்னம்மா செய்றது, நாமளே கார்டு எடுத்துக்கலாமா?” என்பார்கள். அந்த வயதில் புதிதாக எடுக்கப் போனால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஏற்கெனவே இருக்கும். பல திட்டங்கள் சேர்க்காது. சேர்த்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பாதுகாப்பு கிடைக்காது. கிடைக்கும் திட்டத்தின் தவணை சேமநிதியைத் தின்னும். முப்பது ஆண்டுகள் நல்ல மருத்துவமனைகளைப் பார்த்துப் பழகியவர், மருத்துவம் அதிகம் தேவைப்படும் வயதில் வெறுங்கையோடு நிற்கிறார்.

அக்காவின் நிலை அப்படியன்று. கடைசி அடிப்படைச் சம்பளத்தில் அதிகபட்சம் 60 விழுக்காடு வரை கிடைக்கும் பென்ஷனோடு, அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சை உரிமையும் ஓய்வுக்குப் பிறகும் அவரோடு தொடர்கிறது. மருத்துவமனையில் இல்லாத மருந்தை வெளியே வாங்க நேர்ந்தால், விதிமுறைக்குட்பட்டு, பொதுச் சேவைத் துறை அந்தச் செலவைத் திருப்பித் தருவதற்கும் வழி இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் அக்காவைவிட அதிகம் சம்பாதித்த எங்கள் தொழிற்சாலைக்காரர் ஒருவர், இப்போது அவரைப் பார்த்துப் பொறாமைப்படுவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். “சம்பளத்த பாத்து ஏமாந்துட்டேம்மா” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை; ஆனால் அந்தப் பொறாமை இருபது வயதுப் பையன்களின் சம்பள ஒப்பீட்டில் வருவதே இல்லை.

கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்டு உத்தியோகம் என்று நம் பெரியவர்கள் சொன்னதில், சம்பளம் குறைவு என்ற ஒப்புதல் முதலிலேயே இருக்கிறது. இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் தந்தி அலுவலகத்திலும் சேர்ந்த முந்தைய தலைமுறைத் தமிழர்கள் தேடியது குவார்ட்டர்ஸ் வீட்டையும் பென்ஷனையும் ஆஸ்பத்திரியையும்தான். இப்போது அதே வேலையைச் சம்பளத்தை வைத்து மட்டும் அளந்து, இவ்வளவா என்று கோபப்படுகிறோம்.

வரி கட்டுபவர்களின் கவலையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரசு ஊழியர்களின் சம்பளச் செலவு 100 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. நடைமுறைச் செலவில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஓய்வூதியச் செலவு மேலும் 40 பில்லியன். இந்தச் சுமையைக் குறைக்கத்தான் 2024 பிப்ரவரி முதல் நாளிலிருந்து சேரும் புதிய ஊழியர்களுக்குப் பென்ஷன் இல்லை, ஊழியர் சேமநிதிதான் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. அதே 2025 திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டது 45 பில்லியனுக்குச் சற்று மேல். அரசு ஊழியரும் தனியார் ஊழியரும் கடைசியில் வந்து சேரும் வரிசை அந்தப் பணத்தில்தான் நகர வேண்டும். எழுத்தரின் 192 ரிங்கிட்டைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது, மருத்துவர் பற்றாக்குறையைப் பற்றியும் தனியார் மருத்துவமனைக் கட்டணத்தைப் பற்றியும் நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் பேசினால் இரு தரப்புக்கும் பயனுண்டு.

தொழிற்சாலையில் ஐம்பதைக் கடந்துவிட்டவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் குழுக் காப்புறுதியை ஓய்வின்போது தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்று இப்போதே சம்பளப் பிரிவில் கேளுங்கள். சில திட்டங்களில் அந்த வசதி உண்டு; அதற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.