பம்பலப்பிட்டிப் பக்கம் இந்தியா

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் படியிறங்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் மரைன் டிரைவ். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல். பின்னேரம் ஐந்தரைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். கோட்டையிலிருந்து பாணந்துறைப் பக்கம் போகும் ரயில்களை எண்ணுவாள், கதவில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்குக் கை காட்டுவாள். போன வருடம் ஒருநாள் ரயில் ஒன்றுமே வராத நேரத்தில் வெறும் கடலைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டு நின்றாள். யாருக்கு என்று கேட்டேன். "எங்கட பேபிக்கு" என்றாள்.

அவளுடைய அப்பா திருச்சிக்காரர். பிள்ளைக்கு எதையும் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் அவருக்கு. "இப்படியே நேரா போனா மாலத்தீவுப் பக்கம் போயிடுவோம்டா. இந்தியா வடக்கே இருக்கு, அதோ அங்க" என்று பம்பலப்பிட்டிப் பக்கம் விரலை நீட்டினார். அவள் அப்படியே திரும்பி நின்று, பம்பலப்பிட்டியைப் பார்த்துக் கை காட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இந்தியா என்றால் பம்பலப்பிட்டிப் பக்கம்தான்.

நாங்கள் இந்தியாவிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கக் காத்திருக்கிறோம். மூன்று வருடம் ஆகப் போகிறது. மகள் பிறந்த அன்று எனக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை, கர்ப்பப்பையை எடுத்துத்தான் என்னைக் காப்பாற்றினார்கள். அந்த நாளைப் பற்றி அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. உயிரோடு வீட்டுக்கு வந்தேன், கையில் பிள்ளையும் இருந்தது.

ஏன் இந்தியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இவர் இந்தியக் குடிமகன். இவருடைய வேலை நாளைக்கு எங்களை எந்த ஊருக்குக் கொண்டு போகும் என்று தெரியாது. எங்கே போனாலும் அப்பாவின் கடவுச்சீட்டும் பிள்ளையின் கடவுச்சீட்டும் ஒரே நாட்டுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தோம். கணவன் மனைவியில் ஒருவர் இந்தியராக இருந்தால், வெளிநாட்டில் வாழும் இந்தியர்களைப் போலவே எங்களையும் நடத்துவார்கள் என்பதும் ஒரு காரணம். டெல்லியில் இருக்கும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தை, தத்தெடுக்கிற எல்லோரும் 'காரா' என்பார்கள். அதில் பதிந்தோம். இங்கே குடியிருப்பதால் வீட்டைப் பார்த்து எழுதும் அறிக்கை இங்கேதான் தயாரானது. திருமணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ்கள், பொலிஸ் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, சம்பளக் கடிதம், எங்களைத் தெரிந்தவர்கள் எழுதித் தந்த கடிதங்கள் எல்லாம் இரண்டு பெரிய பைல்களில் இருக்கின்றன. ஆணோ பெண்ணோ எதுவானாலும் சரி என்று எழுதிக் கொடுத்தோம்.

அப்போது மகளுக்கு மூன்று வயது. அவளிடம் உடனே சொல்லிவிட்டோம். இப்போது யோசித்தால் கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம். "எப்ப வரும்?" என்று கேட்டாள், நான் வாய் தவறி "தீபாவளிக்கு முதல் வந்திடும்" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தீபாவளி போனது. அதற்கடுத்த தீபாவளியும் போனது. பிள்ளையிடம் ஒரு நாளைச் சொல்லிவிட்டு அதைக் காப்பாற்ற முடியாமல் போவது எவ்வளவு பெரிய பிழை என்று அந்தக் காலை எனக்கு விளங்கியது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, லிப்ட் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் கதவைப் பார்த்தாள். மத்தியானம் இவர் அவளைத் தூக்கி மடியில் வைத்து, "எங்களுக்கே தெரியாதுடா, தெரிஞ்ச உடனே முதல்ல உன்கிட்டதான் சொல்வோம்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நாள் சொல்வதில்லை.

பாடசாலைக்கும் கதை போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குப் பேபி வரப்போகுது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பிள்ளையைக் கூட்டிவரப் போனபோது ஆசிரியை சிரித்த முகத்தோடு வாழ்த்துச் சொல்லிவிட்டு, என் வயிற்றைப் பார்த்தார். அந்த வாசலில், இருபது அம்மாமார் நிற்கிற இடத்தில், முழுக் கதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் மகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, வீடு என்று ஒரு படம் வரையச் சொல்லியிருக்கிறார். அந்தப் படம் இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர், ஒரு நாற்காலி, நாற்காலியில் யாரும் இல்லை.

அவளுடைய சின்னதாகிப் போன உடுப்புகளை ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தோம். ஒரு வயதுச் சட்டைகளும், அவள் முதல் முதலாக நடந்த பாட்டா செருப்பும் அதில் இருந்தன. இந்த வருடம் தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது பெட்டியைத் திறந்தால் பாதிக்குக் கடல் காற்றில் மஞ்சள் பிடித்திருந்தது. மகள் எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து, "பேபி இதுக்குள்ள அடங்காது, இப்ப அது வளர்ந்திருக்கும்" என்றாள். எனக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. ஏனென்றால் அது உண்மையாக இருக்கலாம். எங்களுக்கு வரப்போகும் பிள்ளை இப்போது எங்கேயோ நடந்துகொண்டிருக்கலாம், யாரோ ஒரு பராமரிப்பு இல்லத்து அம்மாவிடம் மராத்தியிலோ ஒடியாவிலோ பால் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு நாளையும் நாங்கள் இழந்துகொண்டிருக்கிறோம் என்று சில இரவுகளில் தோன்றும்.

அப்படித் தோன்றும் இரவுகளில் நான் தம்பியை நினைத்துக்கொள்வேன்.

1995 ஒக்டோபர் 30. எனக்கு எட்டு வயது. சண்டை நெருங்கி வந்ததால் யாழ்ப்பாணத்தைவிட்டுச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் போனது. மழை. செம்மணி வீதியில் ஓரடி வைக்க எவ்வளவோ நேரம் எடுத்தது. நாவற்குழிப் பாலம் தாண்டிக் கைதடிக்கு வருவதற்குள் எங்கேயோ அம்மம்மாவின் சேலைத் தலைப்பை ஒரு சின்னப் பெடியன் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். மூன்று நான்கு வயதிருக்கும். யாருடைய பிள்ளை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், யாரும் வரவில்லை. சாவகச்சேரியில் நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் அம்மம்மா கிழமைக்கணக்காக வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டார். கடைசியில் அவன் எங்களோடேயே இருந்தான். எனக்கு ஒரே இரவில் தம்பி வந்தான். எந்தக் கடதாசியும் இல்லை, யாரும் காத்திருக்கவும் இல்லை.

அவனை நாங்கள் வேறாக நினைத்ததே இல்லை. ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அடையாள அட்டைக்குக் கேட்டார்கள். உத்தேச வயதுச் சான்றிதழ் எடுப்பதற்கு அம்மம்மா அலைந்த அலைச்சலை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட ஒன்று. அவனுக்கு இருபது வயதிருக்கும்போது ஒரு இரவு மொட்டை மாடியில் என்னிடம், "அக்கா, என்ர அம்மா அந்த ரோட்டில என்னைத் தேடியிருப்பா, என்ன?" என்று கேட்டான். நான் ஓம் என்றேன். தேடியிருப்பார், எனக்கு அதில் சந்தேகமில்லை. அவருடைய பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது அவன் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். நாங்கள் விண்ணப்பித்ததைச் சொன்னபோது அவன் முதலில் சொன்னது, "ஒரு கடதாசியையும் விடாமல் வாங்கு அக்கா. விளங்காத பாசையில இருந்தாலும் வாங்கி வை" என்பதுதான்.

அதனால்தான் இந்தச் சட்டங்களை நான் வரி வரியாகப் படித்தேன். இந்தியச் சட்டப்படி ஒரு அம்மா தன் பிள்ளையை வளர்க்க முடியாமல் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. தனியாகக் கிடைத்த பிள்ளை என்றால் பத்திரிகையில் படம் போட்டுப் பெற்றோரைத் தேட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இரண்டு மாதம், அதைவிட மூத்த பிள்ளைக்கு நான்கு மாதம் என்று அந்தத் தேடலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதெல்லாம் முடிந்த பிறகே பிள்ளையைத் தத்துக்கொடுக்கலாம் என்று அறிவிப்பார்கள். அம்மம்மா சாவகச்சேரியில் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டாரே, அதைத்தான் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

எங்கள் நாட்டின் கதையும் எனக்குத் தெரியும். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஏறக்குறைய 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப்போனதாகச் செய்திகளில் வந்தது. அதில் எத்தனையோ பிள்ளைகளின் கடதாசிகள் பொய். பணம் வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் வேறொரு பெண் வந்து நான்தான் அம்மா என்று நின்றிருக்கிறாள். உண்மையான அம்மாவிடம் பிள்ளை இறந்துவிட்டது என்று சொல்லப்பட்ட கதைகளும் உண்டு. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதை வெளியில் கொண்டுவந்தது. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு நாற்பது வயதில் கொழும்பில் வந்து இறங்கி, கையில் இருக்கும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைத் தேடிப் போய், அப்படி ஒருவர் இல்லை என்று தெரிந்து திரும்புகிறார்கள். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை 1995 மே 1இல் நடைமுறைக்கு வந்தபோது, அதை முதலில் ஏற்ற மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. மற்றவை மெக்சிகோவும் ருமேனியாவும். பிள்ளை எங்கிருந்து வந்தது, பெற்றோர் யார் என்ற விபரங்களைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. தம்பி பாலத்தைத் தாண்டியதும் அதே 1995தான்.

இதெல்லாம் தெரிந்த பிறகு வேகமாகத் தாருங்கள் என்று எப்படிக் கேட்பேன்? எனக்குக் காத்திருப்பு வலிக்கிறது. ஆனால் எங்கேயோ ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டு மாதம் தேவை. அவள் ஐம்பத்தொன்பதாவது நாள் திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், நான் அழுவேன், அவளுக்காகச் சந்தோசப்படவும் செய்வேன்.

அக்கம்பக்கத்துப் பேச்சைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன். யார் பெற்றதோ, என்ன சாதியோ, என்ன நோயோ, சொந்தத்துக்குள்ளேயே ஒன்றை எடுக்கலாமே என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்பவர்களுக்கு நான் இப்போது பதில் சொல்வதில்லை. மகள் பக்கத்தில் நின்றால் மட்டும் சொல்வேன்: "அது எங்கட பிள்ளை." அவள் கேட்க வேண்டும் என்பதற்காக.

அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஒருநாள் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சொதிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "பேபிட அம்மா எங்க?" என்று கேட்டாள். நான்தானே அம்மா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "பேபிக்கு இரண்டு அம்மா. ஒரு அம்மா வயிற்றில் வைத்திருந்தார். அவரால் வளர்க்க முடியவில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவ பாவம்" என்றாள். பிறகு சொதியை இழுத்து ஊற்றிக்கொண்டாள்.

எங்கள் வீட்டு அறிக்கை மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். அதனால் போன மாதம் மறுபடி எல்லாவற்றையும் புதுப்பிக்கத் தொடங்கினோம். திரும்பவும் மருத்துவப் பரிசோதனை, திரும்பவும் பொலிஸ் சான்றிதழ், திரும்பவும் அதிகாரி வீட்டுக்கு வந்து குசினி, குளியலறை, பல்கனிக் கம்பி எல்லாம் பார்ப்பது. ஒன்று மட்டும் இந்த முறை புதிது. வீட்டில் ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். முதல் முறை அவளுக்கு மூன்று வயது, அதனால் யாரும் கேட்கவில்லை. இப்போது ஐந்தரை தாண்டிவிட்டது.

வந்த அதிகாரி நல்ல பெண்மணி. எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து அவளோடு தனியாகக் கதைத்தார். பதினைந்து நிமிடம். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வெளியே வந்து, "பிள்ளை தன் கையாலேயே ஏதாவது எழுதித் தரட்டும்" என்றார்.

முதலாம் தரக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினாள். பேனையைத் தொட விடவில்லை என்று கொஞ்சம் கோபம், பென்சிலால்தான் எழுதினாள். ஒரு எழுத்துக்கு என்னைக் கேட்டாள், மற்றதெல்லாம் அவளேதான். 'தங்கச்சி வந்தா விருப்பம். தம்பி வந்தாலும் விருப்பம். பேபி அழுதா நான் அம்மாவை கூப்பிடுவன். சன்னல் பக்க கட்டில் என்ட.' கீழே தன் பெயர், அதற்குப் பக்கத்தில் ஒரு ரயில்.

பிழைகளைத் திருத்தலாமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஸ்கேன் செய்து அனுப்பினோம், மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முதல் பைலின் முதல் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அறையை மாற்றினோம். அவளுடைய கட்டில் கேட்டபடியே ஜன்னல் பக்கம். சின்னக் கட்டில் சுவரோரம். விரிப்பு விரித்து முடித்ததும் அவள் அந்தச் சின்னக் கட்டிலில் ஏறி, கால் வெளியே நீட்ட, மின்விசிறியைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிப் படுத்துப் பார்த்தாள். "இங்கயும் காத்து வருது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.