அத்தையின் சோடியம்

ஏப்ரல் 21, 2025, திங்கள்

அத்தை இன்று பூத்தொடுக்கும்போது பாதியில் நின்றுவிட்டார். நார் இடது கைவிரலில் சுற்றியபடி இருக்கிறது, வலது கையில் இரண்டு மல்லி மொட்டு. அடுத்து முடிச்சா, இன்னும் இரண்டு பூவா என்று தெரியாமல் என்னைப் பார்க்கிறார். ஊர்க்கதை பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமலே முழக்கணக்கில் தொடுத்த கை அது.

மூன்று வாரமாகவே சரியில்லை. பகலெல்லாம் தூக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு "ஸ்கூலுக்கு நேரமாச்சுடா" என்று புடவை தேடுகிறார். கணக்கு டீச்சராக ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. போன வியாழன் குளியலறையில் விழுந்தார். தரை காய்ந்துதான் கிடந்தது.

ஏப்ரல் 23, புதன்

இங்கே கும்பகோணத்திலேயே நரம்பு மருத்துவரிடம் காட்டினோம். தலையில் சி.டி. ஸ்கேன். வயதுக்கேற்ற சுருக்கம், வேறொன்றும் இல்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். "தொண்ணூத்தி மூணு" என்றதோடு அத்தை நின்றுவிட்டார். மற்றதையெல்லாம் டாக்டர் என்னிடம் கேட்டார். நானும் அத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"76 வயசு. மறதி நோய் ஆரம்பம்தான்" என்று டொனெபெசில் 5 மில்லிகிராம் எழுதினார்.

"மூணே வாரத்துல வருமா சார்?"

"நீங்க இப்பத்தான் கவனிச்சிருப்பீங்க."

அந்த வார்த்தை சுருக்கென்றது. ஒரே வீட்டில் இருக்கிறோம், கவனிக்காமல்தான் இருந்தேனோ? ராத்திரி அத்தையின் பால் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 29 வரை முத்து முத்தான எழுத்து, கூட்டல் சரி. ஏப்ரல் 5இல் கூட்டல் தப்பு. 9இல் எழுத்தே கோணல். அப்புறம் வெற்றுத் தாள். நான் கவனிக்காவிட்டாலும் நோட்டு கவனித்திருக்கிறது. படிப்படியாக வந்த மறதி இப்படியா தேதி போட்டு வரும்?

ஏப்ரல் 24, வியாழன்

திருச்சியில் முதியோர் மருத்துவம் படித்தவர் ஒருவரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். இந்தப் படிப்புக்கென்று தனி எம்.டி.யை 1996இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இந்த வாரம்தான் தெரியும்.

சித்தப்பாவுக்குக் கோபம். "இந்த வயசுல எதுக்குடா அலைக்கழிக்கிற? அந்த டாக்டர் என்ன நினைப்பார்?" என்ன நினைத்தால் என்ன என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு தடவை காட்டிட்டு வந்துடறேன் சித்தப்பா" என்று முடித்துக்கொண்டேன்.

ஸ்கேன் படமும் சீட்டு நகலும் கேட்டால் "எதுக்கு, வேற எங்கயும் போறீங்களா?" என்று கவுண்டரில் இழுத்தார்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் நோயாளிக்கு உள்ள உரிமை என்று மனித உரிமை ஆணையத்தின் சாசனத்தில் இருக்கிறது. சண்டை போடவில்லை. விதியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினேன். மதியத்துக்குள் வந்துவிட்டது.

ஏப்ரல் 26, சனி

"சீட்டு வேணாம், வீட்டுல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் பையோட கொண்டுவாங்க" என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். மஞ்சப்பையைக் கவிழ்த்ததும் மேஜையில் பதினொரு அட்டை. டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ரத்தக் கொதிப்பு மாத்திரையில் நின்றார். பெயருக்குப் பின்னால் ஒரு 'ஹெச்'.

"இந்த ஹெச் எப்பலேர்ந்து?"

"மார்ச் நடுவுல மாத்தினாங்க. பிரஷர் கூடுதலா இருந்துச்சு."

"உப்பு?"

"சுத்தமா கொறச்சுட்டோம் டாக்டர்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"தண்ணி?"

"வெயில் காலமாச்சே, மூணு லிட்டர் குடிக்க வைக்கிறோம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'ஹெச்' என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு. சிறுநீரோடு உப்பையும் வெளியேற்றுகிற மாத்திரை. நிறையப் பேருக்கு ஒன்றும் செய்யாது, வயதானவர்களில் சிலருக்கு ரத்தத்தில் இருக்கிற உப்பை, அதாவது சோடியத்தை, அப்படியே இறக்கிவிடும். அது இறங்கினால் தூக்கம், குழப்பம், தள்ளாட்டம் எல்லாம் வரும். தொடங்கிய சில வாரத்தில் ரத்தம் பார்க்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. மாத்திரை உப்பை வெளியே தள்ள, நான் சாப்பாட்டிலும் உப்பைப் பிடுங்கி, மேலே தண்ணீரையும் ஊற்றியிருக்கிறேன்.

இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. சோடியம் 119. இருக்க வேண்டியது 135 முதல் 145. உடனே சேர்த்துவிட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

"உப்புத் தண்ணிய மடமடன்னு ஏத்தச் சொல்லு" என்கிறார் சித்தப்பா போனில். ஏற்றக் கூடாதாம். நாள்பட இறங்கிய சோடியத்தை வேகமாகத் தூக்கினால் மூளையில் நரம்புகளின் மேலுறை சிதைந்து, பேச்சும் கை காலும் போய்விடலாம். 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஹெச் மாத்திரையை நிறுத்தியாயிற்று. தண்ணீரும் அளவுதான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம்.

119, 121, 123, சாயங்காலம் 125.

"சார், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேக்கறீங்களே" என்று நர்ஸ் சிரித்தார். இந்த ஆட்டத்தில் மெதுவாக அடித்தால்தான் ஜெயிப்பு.

ஏப்ரல் 29, செவ்வாய்

131. காலையில் கண் விழித்ததும் அத்தை கேட்டது: "இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுடா?"

கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

ரவுண்ட்ஸில் டாக்டர் அதே நூறையும் ஏழையும் கேட்டார். 93, 86, 79 என்று நிறுத்தாமல் இறங்கி, "ஒன்பது, ரெண்டு. இனிமே மைனஸ்ல போகணுமா?" என்றார் அத்தை. பின்னால் நின்ற பயிற்சி டாக்டர்கள் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தார்.

டொனெபெசிலை நிறுத்தச் சொன்னார் டாக்டர். கூடவே, "மறதி நோய் கிடையவே கிடையாதுன்னு இப்ப சொல்ல மாட்டேன். மூணு மாசம் கழிச்சு நிதானமா சோதிப்போம்" என்றார். இப்படித் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்கிறவரை நம்பலாம் என்று தோன்றியது.

மே 5, திங்கள்

ஹெச் எழுதியவர் எங்கள் குடும்ப டாக்டர். இருபது வருஷப் பழக்கம், என் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டவர். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போனேன். டிஸ்சார்ஜ் சீட்டை முழுக்கப் படித்தார். 119 என்ற இடத்தில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு வாரத்துல ரத்தம் பாத்திருக்கணும்ப்பா" என்றார். அத்தையின் பழைய அட்டையை எடுத்து, முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'தயசைடு கூடாது' என்று எழுதி, தேதி போட்டார். அவரிடம் போவதை நிறுத்தப் போவதில்லை. சித்தப்பாவுக்கு அதிலும் ஒரு கோபம்.

மே 19, திங்கள்

திருச்சியில் மறுபரிசோதனை. சோடியம் 137. கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், பொட்டாசியம் உள்பட ஒன்பது. டோக்கன் கூப்பிட்டதும் எழுந்தேன். அத்தை என் கையிலிருந்து நோட்டை வாங்கிக்கொண்டார்.

"நீ இங்கயே உட்காருடா. உடம்பு என்னுது."

கதவு சாத்திக்கொண்டது. பன்னிரண்டு நிமிஷம். வெளியே வந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். நோட்டை நீட்டினார். என் ஒன்பது கேள்விக்கும் பக்கத்தில் பதில் இருந்தது, முத்து முத்தாக. பத்தாவதாக ஒரு கேள்வியை அத்தையே சேர்த்திருந்தார்: மாவடு சாப்பிடலாமா? எதிரே: வாரத்துக்கு இரண்டு.

'பொட்டாசியம்' என்பதில் நான் விட்டிருந்த புள்ளியையும் வைத்திருந்தார்.