எங்கள் மலையூருக்குக் குழாய்த் தண்ணீர் நிற்காமல் வந்த விதம்

ஏற்காடு மலையில், சேர்வராயன் கோயிலுக்குக் கிழக்கே, காப்பித் தோட்டங்களைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். கோடையிலும் எங்கள் வாசல் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு யாரு பண்ணிக் குடுத்தாங்க?" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். குழாய் அரசாங்கம் பதித்ததுதான். அதில் தண்ணீர் நிற்காமல் வர நாங்கள் என்னென்ன செய்தோம் என்பதை, கிராமக் குடிநீர் சுகாதாரக் குழுவில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அதில்தான் எங்களுக்கும் போர் போட்டு, மேல்நிலைத் தொட்டி கட்டி, வாசலுக்கு வாசல் குழாய் நட்டார்கள். மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் வந்தது. பங்குனி பிறந்ததும் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. இந்த மலை உள்ளே கருங்கல் பாறை. பாறையில் எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கேதான் தண்ணீர், அதுவும் வெடிப்பு கொள்ளும் அளவுக்குத்தான். இன்னும் ஆழமாகப் போட்டால் கிடைக்கும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னதை எங்களால் நம்ப முடியவில்லை.

சோலைக்குக் கீழே ஒரு ஊத்து இருக்கிறது. அது வற்றி யாரும் பார்த்ததில்லை என்று ஊர்க் கவுண்டர் சொன்னார். தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்த்தோம். தொட்டியைவிட ஊத்து உயரத்தில் இருந்தது. மோட்டாரே வேண்டாம், கரண்ட் பில்லும் வராது. ஆனால் ஐப்பசியில் ஊத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மே மாதக் கடைசியில், மழை பிடிக்கும் முன்னால் அளக்க வேண்டும். 20 லிட்டர் கேனை வைத்து செல்போனில் நேரம் பார்த்தோம். 50 விநாடியில் நிரம்பியது. அப்படியானால் ஒரு நாளைக்கு 34,000 லிட்டருக்கு மேல். எங்கள் ஊரில் சுமார் 300 பேர், தேவை 16,500 லிட்டர். பாதியை ஓடையில் விட்டுவிடுவது என்று அப்போதே பேசி முடித்தோம். கீழே மிளகுக்கும் மாடுகளுக்கும் அந்த ஓடையை நம்பியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பகைத்துக்கொண்டு ஒரு குழாயையும் காப்பாற்ற முடியாது.

ஊத்து புறம்போக்கில் இருந்ததால் சர்வேயர் அளந்து கொடுத்ததோடு அந்த வேலை முடிந்தது. காட்டு எல்லைக்குள் இருந்தால் வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில், ஊத்துத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவரத் தீர்மானம் போட்டோம். மலைப்பகுதிகளிலும், பழங்குடியினர் அதிகமாக உள்ள ஊர்களிலும் ஜல் ஜீவன் வேலைச் செலவில் ஊர்ப் பங்கு 5 சதவீதம்தான், மற்ற இடங்களில் 10. அதை உழைப்பாகவும் தரலாம். நாங்கள் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிக் கொடுத்தோம். காட்டெருமை நடக்கிற தடத்தில் மட்டும் குழாயை இன்னும் ஆழத்தில் புதைத்தோம்.

இதுவரைக்கும் சுலபம். ஊத்துத் தண்ணீரை டெஸ்ட் கிட்டில் சோதித்தபோதுதான் ஊரே அமைதியானது. கிட்டில் இருக்கும், மருந்து போட்ட சின்ன பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வைத்தோம், மறுநாள் கறுப்பாகிவிட்டது. மலக்கிருமி கலந்திருக்கிறது என்று அர்த்தம். மேட்டில் சில வீடுகளின் கழிப்பறைக் குழிகள் ஊத்துக்கு நேர் மேலே இருந்தன. ஒரே ஆழக் குழி, அடியில் பூச்சு இல்லை, பாறை வெடிப்பு வழியாகக் கசிவு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வீடுகள் எல்லாமே எங்கள் பங்காளிகள் வீடுகள்.

"நாங்க கக்கூஸ் கட்டினது தப்பா அக்கா? அப்ப காட்டுக்கே போறோம், விடுங்க" என்று ஒரு தம்பி கோபித்துக்கொண்டான். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. கட்டச் சொன்னவர்கள் குழியை எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. சண்டை போடாமல், கறுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். அவர்கள் பிள்ளைகளும் இதே தண்ணீரைத்தான் குடிக்கப்போகிறார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கடைசியில் அந்தத் தம்பியே கடப்பாரையோடு வந்தான். தூய்மை பாரத திட்டத்தின் 12,000 ரூபாய் புதிதாகக் கழிப்பறை கட்டுகிறவர்களுக்குத்தான், குழியை மாற்ற எங்களுக்கு அதில் வழி கிடைக்கவில்லை. மகளிர் குழுவில் கடன் எடுத்து, ஊத்தை விட்டு விலகிய சரிவில் இரட்டைக் குழி போட்டோம். ஆழம் குறைவு. ஒரு குழி நிரம்பினால் அடைத்துவிட்டு அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியை இரண்டு வருஷம் விட்டால் எருவாகிவிடும், செடிக்குப் போடலாம். மனிதர் இறங்கி அள்ள வேண்டிய நிலை எங்கள் ஊரில் வரக் கூடாது என்பதில் எல்லோருமே உறுதியாக இருந்தோம்.

மழைக்குப் பிறகு திரும்பச் சோதித்தபோது பாட்டில் கறுக்கவில்லை. அதற்காகக் கிருமியைக் கொல்லும் குளோரினைப் போடாமல் இருந்துவிடவில்லை. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், வாளியில் கரைத்துத் தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்கிறோம். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். பவுடர் பையைத் திறந்து போட்டால் வீரியம் போய்விடும், டப்பாவில் இறுக மூடி வையுங்கள்.

தண்ணீர்ப் பங்கீட்டில் ஒரு சிக்கல் வந்தது. கீழ்த்தெருவில் குழாய் பீறிட்டது, மேல்தெருவில் சொட்டியது. 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். கீழ்த்தெரு வால்வைப் பாதி மூடி, மேல்தெருவுக்கு முதலில் திறந்துவிட்டதும் சரியானது.

வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வாங்குகிறோம். "ஊத்துத் தண்ணிக்கு எதுக்குக் காசு?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். வால்வு திறக்கிறவருக்குச் சம்பளம், பிளீச்சிங் பவுடர், உடைந்த குழாய்க்கு இணைப்பு என்று ஒவ்வொரு செலவையும் ரேஷன் கடைச் சுவரில் எழுதி ஒட்டினோம். காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில்தான் எங்கள் கையில் காசு புழங்கும், அப்போதே பலர் வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். கட்ட முடியாத வயசானவர்கள் வீட்டுக் குழாயை நாங்கள் மூடுவதில்லை.

இப்போது ஊத்துக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் ஆழமாகப் போர் போடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதனால் மாதா மாதம் கேனை வைத்து அளந்து நோட்டில் எழுதி வருகிறோம். அடுத்த கிராம சபைக்கு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.